கிண்ணத்தின் நடுவே ஒரு வரப்பு

தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள் ரிங்லெட் ஏரியைக் கடந்துதான் தானா ராத்தா போகிறார்கள். ஏரியைப் படம் பிடித்துக் கொள்கிறோம். அதன் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. அது மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இறங்கி, ஜோர் என்ற இடத்தில் பூமிக்கடியில் உள்ள மின் நிலையத்தைச் சென்றடைகிறது. 1963-ல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தில் 25 மெகாவாட் திறனுள்ள நான்கு டர்பைன்கள், அதாவது விசையாழிகள், இருக்கின்றன. அவை பெல்டன் சக்கரம் என்ற வகையைச் சேர்ந்தவை. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி இரட்டைக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவிலும் வயல் வரப்பைப் போல் ஒரு கூரிய விளிம்பு. இன்று நாம் பேசப் போவது அந்த வரப்பைப் பற்றித்தான்.

தண்ணீரின் வேகத்திலுள்ள சக்தியை ஒரு சக்கரம் எவ்வளவு பிடித்துக் கொள்கிறது? இதை முறையாக அளந்தவர்களுள் முன்னோடி இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன். ஓடும் நீர் அடியில் மோதித் தள்ளும் தட்டைப் பலகைச் சக்கரம் 22 விழுக்காடு சக்தியைத்தான் தருகிறது என்று 1759-ல் அவர் வெளியிட்டார். மீதி எங்கே போனது? சிதறலிலும் இரைச்சலிலும், சக்கரத்தைத் தாண்டி ஓடும் நீரிலும் போனது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீர்த்தாரை விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே தட்டைப் பலகை 50 மீட்டர் வேகத்தில் விலகிச் செல்கிறது. பலகைக்கு இதைவிடச் சாதகமான வேகம் கிடையாது. அப்படியிருந்தும் மோதிய நீர் பக்கவாட்டில் சிதறுகிறது. அதோடு பலகையுடன் சேர்ந்து முன்னேயும் போகிறது. இந்த இரண்டிலுமாகச் சரிபாதி சக்தி வீண். பலகையை எவ்வளவு வழவழப்பாக இழைத்தாலும் 50 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. குறை தச்சுவேலையில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது.

இப்போது பலகையை எடுத்துவிட்டு வளைந்த கிண்ணத்தை வைப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரியின் பின்புறத்திலிருந்து, அதே வேகத்தில் பின்னோக்கி ஒரு பந்தை எறிந்தால் என்ன ஆகும்? சாலையோரத்தில் நிற்பவருக்கு அந்தப் பந்து அப்படியே நேராகக் கீழே விழுவதாகத் தெரியும். கிண்ணத்திலும் இதே கதைதான். 50 மீட்டர் வேகத்தில் ஓடும் கிண்ணத்துக்குள் நீர் 50 மீட்டர் வேகத்தில் நுழைகிறது; வளைவில் திரும்பி அதே வேகத்தில் பின்னோக்கி வெளியேறுகிறது. தரையில் நிற்பவர் கண்ணுக்கு அந்த நீருக்கு வேகமே இல்லை. தன்னிடம் இருந்த அத்தனையையும் சக்கரத்திடம் கொடுத்துவிட்டுத் தொப்பென்று கீழே விழுகிறது. நீர் மோதாமல் நுழைய வேண்டும், வேகமில்லாமல் வெளியேற வேண்டும் என்ற இந்தச் சிந்தனையை 1820-களிலேயே பிரான்சின் போன்சலே வளைந்த தகடுகளால் செய்து காட்டினார்.

ஆனால், கிண்ணத்தின் நடுவில் மோதும் நீர் திரும்பி நேராகப் பின்னால் வந்தால், அடுத்து வரும் தாரையின் மீதே மோதும். ஒரு பக்கமாகத் திருப்பி விட்டாலோ சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி அச்சையே தேய்க்கும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் லெஸ்டர் ஆலன் பெல்டன். 1829-ல் ஒஹையோவில் பிறந்து, தங்கம் தேடிக் கலிஃபோர்னியா சென்று, கடைசியில் தச்சராகவும் ஆலை அமைப்பவராகவும் பிழைத்தவர். அங்கே சுரங்கங்களின் நீராவி இயந்திரங்கள் சுற்றுவட்டாரக் காடுகளையே விறகாகத் தின்று கொண்டிருந்தன. மலைநீரை நன்றாகப் பயன்படுத்தும் சக்கரம் அவசரத் தேவையாக இருந்தது.

பெல்டனுக்கு யோசனை பிறந்தது எப்படி என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. சக்கரம் ஒன்று அச்சில் நழுவி, நீர் கிண்ணத்தின் விளிம்பில் பட்டதும் வேகமெடுத்தது என்பது ஒன்று. மேய வந்த மாட்டின் மூக்கில் பட்ட நீர் இரண்டாகப் பிரிந்து திரும்பியதைப் பார்த்தார் என்பது மற்றொன்று. மாட்டுக் கதை சுவையானது. ஆனால் பல வடிவக் கிண்ணங்களைச் செய்து அளந்து பார்த்த உழைப்பை அது மறைத்துவிடுகிறது. 1880-ல் அவர் காப்புரிமை பெற்ற வடிவத்தில், நடுவரப்பு தாரையை இரு கூறாக்குகிறது. இரு பக்கத் தள்ளுதலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. வெளியேறும் நீரும் வரும் தாரைக்கு வழிவிட்டு விலகுகிறது. 1883-ல் கிராஸ் வேலியில் நடந்த போட்டியில் பெல்டன் சக்கரம் 90.2 விழுக்காடு காட்டியது. அடுத்து வந்தது 76.5. ஒரே நீர், ஒரே மலை. வேறுபட்டது கிண்ணத்தின் உருவம் மட்டுமே.

முழுமையாக 180 பாகை நீரைத் திருப்புவதும் கூடாது. திரும்பிய நீர் அடுத்த கிண்ணத்தின் முதுகில் அடித்துவிடும். அதனால் ஏறத்தாழ 165 பாகையோடு நிறுத்துகிறார்கள். இந்த விட்டுக்கொடுப்பால் வரும் இழப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

சக்கரத்தின் அளவும் விருப்பம்போல் வைப்பதல்ல. 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீரின் தாரை, உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், விநாடிக்கு 99 மீட்டர் வேகம் பெறும். நடைமுறையில் கிண்ணத்தின் வேகம் இதில் சுமார் 46 விழுக்காடு இருப்பது நல்லது. நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று கொண்டது என்பதால், நிமிடத்துக்கு 500 சுற்று சுழலும் ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுத்தால், சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 1.75 மீட்டராக அமைய வேண்டும். ஆக, மலையின் உயரமே சக்கரத்தின் அளவைச் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு கணக்கும் அந்த வரப்பு கூராக இருக்கும் வரையில்தான் பலிக்கும். மணல் கலந்த நீர் அந்த வேகத்தில் பாய்ந்தால் உருக்கும் தேயும். முனை மழுங்கிய வரப்பில் தாரை சீராகப் பிளவுபடாமல் சிதறும். தட்டைப் பலகையின் பழைய குறை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். 100 மெகாவாட் நிலையத்தில் ஒரு விழுக்காடு என்பது ஒரு மெகாவாட். காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் வெட்டப்பட்டதால் ரிங்லெட் ஏரியில் பல ஆண்டுகளாக வண்டல் சேர்ந்து வருகிறது. அதைத் தூர்வாருவது ஏரியின் கொள்ளளவுக்காக மட்டுமன்று. உலகெங்கும் இத்தகைய நிலையங்களில், தேய்ந்த கிண்ணங்களைப் பற்றவைத்து நிரப்பி, அச்சுத் தகட்டை வைத்துப் பார்த்துப் பார்த்து, பழைய வளைவு வரும்வரை தேய்த்துச் சீராக்குகிறார்கள்.