எந்த ஊர் மட்டி?

உத்திரமேரூருக்குக் கடற்கரை இல்லை. ஆனால் ஊருக்கு வடகிழக்கே, திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொள்ளும் பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அந்த முகத்துவாரமும் முட்டுக்காட்டுக் கழியும் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. இத்தகைய கழிகளின் மணலைத் துழாவி எடுக்கும் சிப்பிதான் மட்டி.

மட்டி ஒன்றல்ல. தமிழகக் கழிமுகங்களில் அதிகம் கிடைப்பது, வழவழப்பான முக்கோண ஓடு கொண்ட மெரெட்ரிக்ஸ் காஸ்டா. அலையடிக்கும் மணலில் புதைந்து வாழும் சின்னஞ்சிறு டோனாக்ஸும் மட்டிதான். கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியின் வில்லோரிட்டா, அஷ்டமுடி ஏரியின் பாஃபியா இரண்டுக்கும் பொதுப்பெயர் கக்கா. நம் ஏரிச் சேற்றில் கிடைக்கும் நன்னீர்ச் சிப்பியோ இவற்றோடு நெருங்கிய உறவே இல்லாத வேறு வரிசையைச் சேர்ந்தது.

பெயர் பொதுவாக இருப்பதில் என்ன கேடு? 1981இல் தமிழகக் கடலோரத்தில் மெரெட்ரிக்ஸ் காஸ்டா சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். மட்டி தண்ணீரை வடிகட்டி நுண்பாசியைத் தின்னும் உயிர். சிலவகை நுண்பாசிகள் பெருகும் காலத்தில் அவற்றின் நஞ்சு மட்டியின் சதையில் சேர்கிறது. உதடும் நாக்கும் மரத்துப்போகும்; நஞ்சு மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. முறிமருந்தும் இல்லை.

நஞ்சைத் தேக்கி வைப்பதில் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. அலாஸ்காக் கரையில் பட்டர் கிளாம், லிட்டில்நெக் கிளாம் என்ற இருவகை மட்டிகள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. லிட்டில்நெக் சில வாரங்களில் நஞ்சைக் கழித்துவிடும். பட்டர் கிளாம் 2 ஆண்டுகள்வரைகூட வைத்திருக்கும். இரண்டையும் வெறும் கிளாம் என்று கூடையில் போட்டால், அந்த வேறுபாடு தெரியாமலே சமையலறைக்கு வந்துவிடும்.

கடலோரத்தவருக்கு அவர்கள் கழி தெரியும். தண்ணீர் நிறம் மாறினால் கண்ணில் படும். உள்நாட்டில் வாங்குகிறவருக்கு வந்து சேர்வது பெயர் மட்டுமே. அந்தப் பெயரில் இனமும் இடமும் இருக்க வேண்டும். இது முடியாத காரியமல்ல. அஷ்டமுடி ஏரியில் பாஃபியா மலபாரிகா என்ற ஒரே இனத்துக்கு, டிசம்பர் முதல் பிப்ரவரிவரை எடுக்கத் தடை, வலைக்கண்ணுக்கு அளவு என்று விதிகள் வகுத்தார்கள். 2014இல் அந்த மட்டித் தொழிலுக்கு, வளம் குன்றாத மீன்பிடிப்புக்கான மரைன் ஸ்டீவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்று கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் மீன்பிடித் தொழில் அதுவே.

அங்கே ஓர் இனத்துக்கும் ஓர் இடத்துக்கும் செய்ததை நம் உள்ளூர்ச் சந்தைக்கும் செய்ய வேண்டும். கழிகளின் தண்ணீரையும் மட்டியையும் மீன்வளத்துறை தவறாமல் சோதித்து, முடிவைத் தமிழில் அறிவிக்க வேண்டும். வாங்குகிறவர்களும் என்ன மட்டி, எந்தக் கழி, என்றைக்கு எடுத்தது என்று கேட்டு வாங்க வேண்டும். பதில் தெளிவாக வராவிட்டால், அன்றைக்கு வேறு மீன் வாங்குவதே நல்லது.