குடிக்கூலி வீடும் பழுதுபார்த்தலும்

உணவும் உடையும் போலவே உறையுளும் மக்கட்கு இன்றியமையாதது. சொந்த வீடு இல்லாதார் குடிக்கூலி கொடுத்துப் பிறர் வீட்டில் வாழ்வர். கூலியைத் தவறாது செலுத்தியும் கூரை ஒழுகுமாயின், அன்னார் செய்யக்கடவது யாது? கொடைக்கானல் நகரையடுத்த வில்பட்டியை உதாரணமாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

பழனிமலையின் மேற்பகுதி ஏறக்குறைய 7,000 அடி உயரமுள்ளது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மார்கழி, தையில் கடும்பனி. தகரத்தின் ஆணித்துளை வழியாகவும், ஓடு விலகிய இடத்தின் வழியாகவும் நீர் இறங்கிச் சுவரை ஊறச் செய்யும். சமவெளியில் சிறிதுகாலம் பொறுக்கத்தக்க ஒழுக்கு, குளிர்நாட்டில் குழந்தைகளையும் முதியோரையும் நோய்ப்படுத்தும்.

நிற்க. சட்டம் யாது கூறுகின்றது? 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 22-2-2019 முதல் தமிழ்நாட்டில் நடைபெற்று வருகின்றது. வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, கட்டிடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், தண்ணீர்க்குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியன வீட்டுக்காரர் பொறுப்பு என்றும், குழாய்த்திருகு, மின்விசைக்குமிழ், சன்னற்கண்ணாடி, பூட்டு முதலியன குடியிருப்போர் பொறுப்பு என்றும் அது வகுத்துரைக்கின்றது.

ஆயினும் அச்சட்டம் நகர்ப்பகுதிகட்கே உரியது. கொடைக்கானல் நகராட்சியிலுள்ள வீட்டிற்கு ஒரு நியாயமும், கிராம ஊராட்சியிலுள்ள வீட்டிற்கு வேறொரு நியாயமும் ஆவதை நோக்குக. ஊராட்சிகளில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவே பெரிதும் துணை. வீட்டுக்காரர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புப் பெற்றும் தக்க காலத்திற்குள் செய்யாராயின், குடியிருப்போர் தாமே செய்து, அச்செலவை வட்டியுடன் வாடகையிற் கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. ஈண்டுக் 'கடமைப்பட்ட' என்னும் சொல்லே உயிர்நாடி. உடன்படிக்கையாலேனும் ஊர்வழக்காலேனும் கடமை ஏற்படாவிடில், உரிமை கோர இடமில்லை. எல்லைகள் மாறுதலும் உண்டாகலின், தம் வீடு எவ்வெல்லையுட்பட்டதென முதற்கண் வினவியறிக.

ஆதலின், கிராமத்தில் வீடு பிடிப்போர் முன்பணம் கொடுக்குமுன்னரே கூரை, சுவர், சாக்கடை, மின்கம்பி இவற்றைப் பார்வையிட்டு, இன்ன பழுது வீட்டுக்காரரைச் சேர்ந்தது என எழுதி இருவரும் கையொப்பமிடுதல் வேண்டும். வாய்ச்சொல் மழையில் கரையும், எழுத்து நிற்கும்.

பின்னர்ப் பழுது நேரின், முதலில் நேரிற் சென்று பணிவுடன் கூறுக. பயனில்லையேல் கடிதம் வரைக: "ஐயா, தங்கள் வீட்டின் சமையலறைக் கூரை இம்மாதம் முதல் தேதியிலிருந்து ஒழுகுகின்றது. நம் உடன்படிக்கையின்படி பதினைந்து நாட்களுக்குள் சீர்செய்து தர வேண்டுகிறேன்" என இரண்டொரு வரியே போதும். வசைமொழி வேண்டா. பெற்றுக்கொண்டமைக்குச் சான்று கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்பி, நகலொன்றை வைத்துக்கொள்க. பழுதைப் படமெடுத்துத் தேதியிடுக. தவணை கழிந்தும் செய்யாராயின், கொத்தனாரிடம் மதிப்பீடு பெற்று, அதனையும் வீட்டுக்காரருக்குத் தெரிவித்த பின்னரே வேலையைத் தொடங்குக. ரசீதுகளைப் பேணுக.

அன்றியும், சினத்தால் வாடகை முழுவதையும் நிறுத்துதல் பெருந்தவறு. பழுதைப் பற்றிய வழக்கு, வாடகைப் பாக்கியைப் பற்றிய வழக்காய் மாறி, நியாயமுடையவரே வெளியேற நேரிடும். கழிக்கத்தக்கதைக் கணக்குக் காட்டிக் கழித்து, எஞ்சியதைத் தவறாது செலுத்துக. தொகை பெரிதாயின், வழக்கறிஞரைக் கலந்தே கழித்தல் நலம்.

வீட்டுக்காரர்க்கும் இதில் இலாபமே. இன்று ஓர் ஓட்டை மாற்றாதவர், நாளைக் கைமரத்தையும் சுவரையும் மாற்ற வேண்டியவராவர். இருவரும் தத்தம் கடமையை முன்னரே எழுதியறிந்து ஒழுகின், வீடும் நிலைக்கும், நட்பும் நிலைக்கும்.