சூம் கூட்டத்துக்கு உடுவிலில் இருந்து ஏன் ஆள் வருவதில்லை?

ரொறன்ரோவில் கோடைச் சனிக்கிழமை இரவு எட்டு மணி. வேலையும் சாப்பாடும் முடிந்து, ஊரைப் பற்றிக் கதைக்க வசதியான நேரம். உடுவிலில் அப்போது ஞாயிறு அதிகாலை ஐந்தரை. கிணற்றடியில் நிற்பவரை ‘தமிழர் எதிர்காலம்’ பற்றிப் பேச அழைத்தால் வருவாரா?

2020இல் ஊரடங்குக் காலத்தில் எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால் எந்த நேரம் வைத்தாலும் ஆள் சேர்ந்தது. அந்த நினைப்பிலேயே இன்றும் அழைப்பு அனுப்புகிறார்கள். ஆள் குறைந்தால் ‘ஊரில் அக்கறையில்லை’ என்கிறார்கள். அது நியாயமான தீர்ப்பல்ல.

யாழ்ப்பாணத்தில் ஞாயிறு மாலை 7.30 என்றால், டிசம்பரில் இலண்டனில் பிற்பகல் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9 மணி. சிட்னியில் திங்கள் அதிகாலை ஒரு மணி. எல்லோருக்கும் பொருந்தும் நேரம் கிடையாது. தூக்கம் கெடுகிற முறையை மாறி மாறிப் பகிரலாம். இலவசச் சூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். எங்கள் கூட்டங்களில் வரவேற்புரையும் தலைமையுரையும் முடியவே அவ்வளவு நேரம் வேண்டும்.

தலைப்பின் கதை வேறு. 2025 மார்ச் 28 வர்த்தமானியை எடுங்கள். வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இப்படியொரு விடயத்தில் உரித்தாளர் ஸ்காபரோவில் இருப்பார். எல்லை தெரிந்த அயலவர் ஊரில் இருப்பார். உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். ‘உறுதி தொலைந்தவர் என்ன செய்யலாம்?’ என்று தலைப்பிட்டு முதல் மாதத்திலேயே கூட்டம் வைத்தால் இரு பக்கமும் வரும், தேவை இருப்பதால். காலக்கெடு முடிந்தபின் வைப்பது துக்கம் விசாரிப்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோர், நினைவேந்தல், இராணுவம் பிடித்த காணி போன்ற தலைப்புகளில் இலண்டனில் இருப்பவர் துணிந்து பேசலாம். ஊரில் இருப்பவருக்கு மறுநாள் யாராவது வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களோ என்ற யோசனை. ‘பதிவு செய்யப்படுகிறது’ என்ற அறிவிப்பு வந்ததுமே சிலர் வெளியேறிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை, பதிவை நிறுத்திய பிறகுதான் ஊரிலிருந்து ஓர் அம்மா வாய் திறந்தார். கமரா கடைசிவரை மூடியே இருந்தது. அன்று கூட்டத்தில் உருப்படியாகப் பேசப்பட்டது அந்தப் பத்து நிமிடந்தான்.