ஒருவர் இருவராகும் விந்தை

திரைப்படத் தந்திரக் காட்சிகளைக் கற்க எங்குத் தொடங்குவது என்று பனமரத்துப்பட்டி மாணவர் சிலர் என்னை வினவினர். அவர்கள் ஊருக்கு அண்மையிலுள்ள சேலத்திலிருந்தே தொடங்கலாம் என்பேன். அங்கு இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் வெளியிட்ட 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார்.

ஒருவர் இருவராவது எங்ஙனம்? அந்நாளில் பெரிதும் வழங்கிய முறை இது: காமிராவில் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தைப் படமெடுப்பர், படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மற்ற வேடத்தை எடுப்பர். காமிரா இம்மி அசைந்தாலும், ஒளி சற்றே மாறினாலும் இணைப்பு வெளிப்பட்டுவிடும்.

இன்று அம்மறைப்பைக் கணிப்பொறி செய்கிறது. பிழையைத் திருத்தவும் இடமுண்டு. ஆயினும், இரு காட்சிகளின் ஒளியும் நிழலும் ஒத்துள்ளனவா என்பதை உணர வேண்டியது பயின்ற கண்ணே. ஆதலின் மாணவர்களே, ஒரு மரத்தின் நிழல் காலையிலும் மாலையிலும் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை முதலில் உற்று நோக்குங்கள். கருவியைப் பிறகு பழகலாம்.