நுங்கில் தொடங்கிக் கருப்பட்டியில் முடியும் சீனிக் கணக்கு... தெரியுமா?

புதியம்புத்தூர்ப் பக்கம் எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"அத்தே, வாழைப்பழம் எடுத்துக்கோங்க."

"வேண்டாம் தாயி, எனக்குச் சுகர் இருக்குல்லா!"

"அப்ப டீயாவது குடிங்க."

"போடு. சீனி மட்டும் கம்மியாப் போடு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருந்தா ஒண்ணு குடு, வாய் நமநமங்குது."

பழத்துக்குத் தடை, மிட்டாய்க்கு அனுமதி! பழத்துக்குள் இருக்கும் இனிப்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது பாதி, தெரியாதது மீதி. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சிலதைக் கேட்டால் மூக்கில் விரல் வைப்பீர்கள்!

1. பழத்துச் சீனியும் பலசரக்குக் கடைச் சீனியும் ஒன்றுதான், தெரியுமா?

டீயில் போடும் வெள்ளைச் சீனியின் வேதிப்பெயர் சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒன்று, ஃப்ரக்டோஸ் ஒன்று, இரண்டும் கைகோத்து நிற்பதுதான் சுக்ரோஸ். பழுத்த வாழையிலும் மாம்பழத்திலும் இருப்பது இதே மூன்று பேர்தான். மரத்தில் விளைந்தது என்பதற்காக உடம்பு தள்ளுபடி தராது. எங்கிருந்து வந்தாலும் ஒரு கிராம் சீனிக்கு 4 கலோரி! "இயற்கை இனிப்பு, ஒன்றும் செய்யாது" என்று டப்பாவில் அச்சடித்து விற்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை: ஃப்ரக்டோஸ் குளிர்ந்தால் நாக்குக்குக் கூடுதலாக இனிக்கும். அளவு கூடுவதில்லை, சுவைதான் கூடுகிறது.

2. அப்படியிருந்தும் முழுப் பழத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை உலக சுகாதார நிறுவனம்!

2015-ல் அந்த நிறுவனம் சீனிக்கு ஒரு வரம்பு போட்டது. ஒரு நாளைக்கு நாம் பெறும் மொத்தக் கலோரியில் சீனியின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. இந்த வரம்புக்குள் எதெல்லாம் வரும் தெரியுமா? டீயில் போடும் சீனி வரும். வெல்லம் வரும். தேன் வரும். பழச்சாறும் வரும்! முழுசாகக் கடித்துத் தின்னும் பழம் மட்டும் வராது.

இப்போது நம்மூர்க் கணக்குக்கு வருவோம். ரெடிமேட் துணி தைக்கும் ஊர் புதியம்புத்தூர். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது டீக்கு மட்டும்தான். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 8 முதல் 10 கிராம் சீனி. மூன்று டீ குடித்தால் 25 கிராம் தீர்ந்தது. அன்றைய பங்கு முடிந்துவிட்டது, இன்னும் ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை!

3. ஒரே ஆப்பிள், மூன்று வடிவம், மூன்று விளைவு!

1977-ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. 10 பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுசாக ஒரு தடவை, கூழாக ஒரு தடவை, சாறாக ஒரு தடவை. மூன்றிலும் மாவுச்சத்து (சீனியும் சேர்ந்த கார்போஹைட்ரேட்) ஒரே அளவு. முழு ஆப்பிளை மென்று தின்ன ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே சாறு உள்ளே போய்விட்டது. குடித்தவர்களுக்கு வயிறும் நிறையவில்லை. இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, ரத்தச் சர்க்கரை பிறகு சடாரென்று கீழே இறங்கியது. அதே பழம், அதே சீனி, வித்தியாசம் நாரும் பல்லும்தான்!

பழத்தின் சீனி செல்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பல் உடைத்து, வயிறு கரைத்து, குடல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். 2018-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் எலிகளில் பார்த்தது இதற்குப் பொருத்தம். கொஞ்சமாக வரும் ஃப்ரக்டோஸைச் சிறுகுடலே சமாளித்துவிடுகிறது. ஒரேயடியாகக் கொட்டினால்தான் குடல் நிரம்பி, மிச்சம் கல்லீரலுக்குப் போகிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் கண்மாய் உடைப்புக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

4. திராட்சைச் சாறு கோலாவையே தோற்கடிக்கும், தெரியுமா?

100 மில்லி கோலாவில் சுமார் 10, 11 கிராம் சீனி. திராட்சைச் சாற்றில்? சுமார் 14 கிராம்! அதற்கும் மேலே ஜூஸ் கடையில் இரண்டு கரண்டி சீனி போட்டு அடித்தால் கேட்கவே வேண்டாம். ஒரு தம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று, நான்கு பழம் பிழிய வேண்டும். ஒரே மூச்சில் நான்கு பழத்தை உரித்துத் தின்பீர்களா? குடிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக் குடித்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் 1,87,382 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. ஆப்பிள், திராட்சை, ப்ளூபெர்ரி ஆகியவற்றை முழுசாகத் தின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்கு அதிகமாக இருந்தது!

5. ஒரு பனைமரமே முழுப் பாடத்தையும் சொல்லிவிடும்!

நம்ம ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறதே பனை, தமிழ்நாட்டின் மாநில மரம், அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கவனியுங்கள்.

நுங்கு: 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் மாவுச்சத்து 6, 7 கிராம்தான். கட்டைவிரலை விட்டு நோண்டி உறிஞ்சுங்கள், பயமில்லை.

பதநீர்: பாளையைச் சீவச் சீவச் சொட்டும் சாறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தடவினால் இனிப்பு அப்படியே நிற்கும். 100 மில்லியில் சுமார் 10 முதல் 12 கிராம் இனிப்பு. ஓலைப் பட்டையில் நுங்கை வெட்டிப் போட்டு ஊற்றித் தருவார்களே, அது இருக்கும் 250 மில்லி. ஒரு பட்டையிலேயே 25 கிராம்!

கருப்பட்டி: 8 முதல் 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ. தண்ணீர் ஆவியாகப் போகும், சீனி ஒரு துளி போகாது. 100 கிராம் கருப்பட்டியில் 80 கிராம் அளவுக்கு இனிப்புதான். இரும்புச்சத்தும் மணமும் கொஞ்சம் கூடுதலாக இருப்பது உண்மை. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது, சந்தோஷம். அதற்காக, "கருப்பட்டிக் காப்பிதானே, சுகருக்கு நல்லது" என்று நாலு தம்ளர் குடித்தால் கருப்பட்டி என்ன செய்யும், பாவம்!

பனங்கிழங்கு: மாவும் நாரும். வேகவைத்து, நாரை உரித்து உரித்துத் தின்பதற்குள் தாடை வலித்துவிடும். அந்தத் தாடை வலிதான் காவல்காரன்.

மரம் ஒன்றுதான். இனிப்பு 6-லிருந்து 80-க்கு ஏறுகிறது. இடையில் புகுந்தது அடுப்பு!

6. அடுப்பு வேலையை வெயிலும் செய்யும்!

பச்சைத் திராட்சை 100 கிராமில் 16 கிராம் சீனி. காய்ந்த திராட்சையில் 60-க்கு மேல். பேரீச்சையும் அப்படித்தான். பத்துப் பச்சைத் திராட்சையோடு நிறுத்திக்கொள்ளும் கை, காய்ந்த திராட்சையை மட்டும் பிடி பிடியாக அள்ளுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

7. தர்பூசணிமேல் ஒரு வீண்பழி!

எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று சொல்லும் அளவுதான் கிளைசீமிக் இன்டெக்ஸ். 1981-ல் கனடாவின் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்தது. அதில் தர்பூசணிக்கு 70-க்கு மேல்! பார்த்ததும் பலர் பழத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஆனால் 100 கிராம் தர்பூசணியில் மாவுச்சத்து இருப்பது 7, 8 கிராம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். வேகம் அதிகம், சரக்குக் குறைவு!

மறுபக்கம் 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. மத்தியானம் ஒரு தட்டுச் சோறு 300 கிராம் என்றால் 80 கிராமைத் தாண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 27 கிராம். பழியைப் பழத்தின் தலையில் போட்டுவிட்டுச் சோறு ஜம்மென்று இரண்டாம் முறை தட்டில் வந்து உட்காருகிறது.

8. வாழைப்பழம் தாரிலேயே ஆளை மாற்றிக்கொள்ளும்!

தாமிரபரணிக் கரை ஏரலிலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் வரும் வாழைத்தார், காயாக இருக்கும்போது பெரும்பாலும் மாவு. அதில் ஒரு பங்கு எளிதில் செரிக்காமல் நார்போலவே நடந்துகொள்ளும். பழுக்கப் பழுக்க அந்த மாவே சீனியாக மாறும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழம் தேனாக இனிப்பது அதனால்தான். சுகர்க்காரர்கள் அதிகம் கனியாத, அளவில் சின்னப் பழமாகப் பார்த்து எடுத்தால் போதும்.

9. சுகர்க்காரர்களுக்கே பழம் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்!

டென்மார்க்கில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்ட 63 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, "தினம் குறைந்தது இரண்டு பழம்." மறுபாதிக்கு, "இரண்டுக்கு மேல் கூடாது." 12 வாரம் கழித்து மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்தால், இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை! இது 2013-ல் வெளியானது. சீனாவில் சுமார் 5 லட்சம் பேரைக் கவனித்த ஆய்வு 2017-ல் வந்தது. அதில் தினமும் பழம் தின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவாக இருந்தது.

10. குரங்குக்கே வாழைப்பழத்தை நிறுத்திய ஊர் இருக்கிறது, தெரியுமா?

நம்பமாட்டீர்கள்! இங்கிலாந்தின் பெய்ன்டன் விலங்குக் காட்சிசாலையில் 2014-ல் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் காட்சிசாலையும் பின்னால் பழத்தைக் குறைத்துக் காய், கீரைக்கு மாறியது. காரணம்? மனிதன் தன் நாக்குக்காக வளர்த்த பழங்கள் காட்டுப் பழங்களைவிட இனிப்புக் கூடியவை, நார் குறைந்தவை. விலங்குகளுக்கு எடை ஏறியது, பல் சொத்தையானது!

இதைக் கேட்டதும் நம் கரிசல் காட்டுப் பழங்கள் ஞாபகம் வரவில்லையா? துவர்ப்பும் இனிப்புமாகத் தொண்டையைப் பிடிக்கும் கொடுக்காப்புளி. கொட்டையைச் சுற்றிக் கொஞ்சமே சதை ஒட்டிய இலந்தை. தரையில் தேய்த்து முள் நீக்கி, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்து எறிந்து, வாயெல்லாம் சிவக்கத் தின்ற சப்பாத்திக்கள்ளிப் பழம். இருபது பழம் தின்றாலும் பெரிதாக ஒன்றும் உள்ளே போயிருக்காது, பறிக்க நடந்த நடைதான் மிச்சம்! இதில் கொடுக்காப்புளியும் கள்ளியும் மெக்சிகோ பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. இலந்தைதான் நம்ம பக்கத்துப் பழம்!

11. பூனைக்கு இனிப்பே தெரியாது, எறும்புக்கு எல்லாம் தெரியும்!

இனிப்பை உணரும் மரபணு ஒன்று பூனைக்குப் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். அதனால் மாம்பழத்தை முன்னால் வைத்தாலும் அதற்கு இனிக்காது. எறும்பு அப்படியா? நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பார்த்தே பழைய இந்திய வைத்தியர்கள் நீரிழிவை அறிந்தார்கள். அந்த இனிப்பு சர்க்கரைதான் என்று இங்கிலாந்து மருத்துவர் மேத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சிக் காட்டியது 1776-ல்!

12. வேண்டாத ஜூஸ் உயிரைக் காப்பாற்றும் நேரமும் உண்டு!

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்குத் திடீரென்று கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டுகிறதா? சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். அந்த நேரத்தில் முழுப் பழம் மெதுவாகத்தான் வேலை செய்யும். அரைத் தம்ளர் பழச்சாறு அல்லது மூன்று ஸ்பூன் சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். சாற்றின் கெட்ட குணமான அந்த வேகமே அப்போது மருந்து! மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

சரி, கடைசியில் பழத்துச் சீனி கணக்கில் வருமா, வராதா?

வரும், ஆனால் பயப்படும் அளவுக்கு வராது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரும் பழம் தின்று நோயாளி ஆனவர்கள் கிடையாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி நாளொன்றுக்கு 100 கிராம் பழம் தின்னச் சொல்கிறது. நம்ம பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் அந்த 100 கிராமே சேருவதில்லை. ஆகவே பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், பிழிந்து குடிக்காதீர்கள். சோற்றுக்கு மேல் சேர்க்காமல், சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு தின்னுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கணக்கு தனி. அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் பழத்தைத் தொட வேண்டும்.

அடுத்த தடவை அத்தை வந்தால் தட்டில் ஒரு கொய்யாவை நறுக்கி வையுங்கள். 100 கிராமில் 9 கிராம் சீனி, கூடவே 5 கிராம் நார். கடலைமிட்டாய் டப்பாவை மட்டும் கொஞ்சம் உயரமான பரணில் வைத்துவிடுங்கள்!