குறுந்தகட்டைப் படியெடுப்போம்



ஓலைச் சுவடியின் வாழ்நாள் சில நூறு ஆண்டுகளே. பழைய ஓலை செல்லரித்துப் போகுமுன் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். அதனாலேதான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. படியெடுக்க ஆளில்லாத நூல்களோ வெறும் பெயராய் நின்றுவிட்டன. இன்று நம் வீடுகளில் அத்தகைய நிலையில் இருப்பது எது தெரியுமா? அலமாரியின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் சி.டி. என்னும் குறுந்தகடுதான்.

நான் குடியிருப்பது பிரேசர் டவுனில். 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் எழுந்த இப்பகுதிக்கு இன்று புலிகேசி நகர் என்று பெயர் வழங்கினாலும், மக்கள் வாயில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. பெங்களூரில் படைமுகாம் அமைந்த காலந்தொட்டு இப்பக்கங்களில் தமிழர் வாழ்ந்து வருகின்றனர். சென்ற விடுமுறையில் நண்பர் இருவருடன் அக்கம்பக்கத்து வீடுகளின் தகடுகளைக் கணிப்பொறிக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு பெரியவர் உறையிட்ட தகடு ஒன்றை நீட்டினார். அவருடைய காலஞ்சென்ற மனைவியார் பாடிய தேவாரப் பாடல்கள் அதில் இருந்தன. "இது ஒன்றுதான் இருக்கிறது, தம்பி. பார்த்துச் செய்யுங்கள்" என்றார். அந்தச் சொல்லின் பாரத்தை நாங்கள் உணர்ந்தோம்.

குறுந்தகட்டில் ஒலி எவ்வாறு உறைகிறது? ஒலியலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கமுள்ள இரும எண்ணாக எழுதுகிறார்கள். இடம், வலம் என இரண்டு தடங்கள். ஆக, நொடிக்கு 14,11,200 இலக்கங்கள்! இவை தகட்டின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுழன்று செல்லும் ஒரே பாதையில் நுண்ணிய குழிகளாகப் பதிந்துள்ளன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான்தான். லேசர் ஒளி குழியின் விளிம்பைக் கடக்கும்போது 1 என்றும், மற்றப்படி 0 என்றும் கருவி படிக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்கு அறிந்துகொள்ள வேண்டும். கடையில் விற்ற தகட்டில் குழிகள் அச்சில் வார்க்கப்பட்டவை. வீட்டிலும் ஸ்டூடியோவிலும் பதிந்த தகட்டிலோ குழியே இல்லை. மெல்லிய சாயப் பூச்சின்மேல் லேசரால் சுட்ட தழும்புகளே உள்ளன. வெப்பமும் வெயிலும் அச்சாயத்தைக் கெடுத்துவிடும். கடையில் வாங்கிய பாட்டு வேறெங்கேனும் கிடைக்கும். வீட்டார் குரல் வேறெங்கே கிடைக்கும்? ஆகவே முதலில் படியெடுக்க வேண்டியவை வீட்டில் பதிந்தவையே.

"கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். தரவுத் தகட்டுக்கு அது ஓரளவு பொருந்தும்; இசைத் தகட்டுக்குப் பொருந்தாது. இரண்டிலும் ஒவ்வொரு பகுதியும் 2,352 பைட் கொண்டது. இசைத் தகட்டில் அவ்வளவும் ஒலியே. தரவுத் தகட்டில் 2,048 பைட் மட்டுமே செய்தி. எஞ்சியது முகவரிக்கும் பிழை திருத்தத்துக்கும் ஒதுக்கப்பட்டது. எல்லாத் தகட்டுக்கும் உரிய பிழை திருத்தம் இரண்டடுக்குக் காவல். தரவுத் தகட்டுக்கு மூன்றாம் காவலும் உண்டு. ஆதலால் தரவில் திருத்த முடியாத பிழை வந்தால் கணிப்பொறி "படிக்க இயலவில்லை" என்று சொல்லிவிடும். இசையிலோ, காணாமற்போன இடத்தை முன்னும் பின்னும் பார்த்து ஊகித்து நிரப்பிவிட்டுக் கருவி பேசாமல் இருந்துவிடக்கூடும். ஏடு சிதைந்த இடத்தில் தானே ஒரு சொல்லைப் புனைந்து எழுதும் எழுத்தரைப் போன்றது அது!

இதற்கு மருந்து என்ன? சுவடிப் பதிப்பாசிரியர் கையாண்ட அதே முறைதான். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் சிடிபாரனோயா ஆகிய மென்பொருள்களும் ஐயமுள்ள இடத்தைப் பலமுறை படித்து ஒத்துப் பார்க்கின்றன. கடைத் தகடாயின், பிறர் எடுத்த படியோடு ஒப்பிட அக்யுரேட்ரிப் என்னும் இணையப் பட்டியல் உண்டு. வீட்டுத் தகட்டுக்கு அத்துணை இல்லை. நாமே இருமுறை படியெடுத்து ஒப்பிட வேண்டும்.

பெரியவரின் தகட்டில் மூன்றாம் பாட்டு இருமுறையும் ஒத்துவரவில்லை. மென்சோப்பு நீரில் நனைத்த மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்தோம். வட்டமாகத் துடைப்பது தவறு. பாதையின் போக்கிலேயே கீறல் விழுந்தால் தொடர்ந்து பல எழுத்துகள் அழியும். பிறகு வேகத்தைக் குறைத்துப் படித்தோம். இன்னொரு டிரைவிலும் இட்டுப் பார்த்தோம். டிரைவுக்கு டிரைவு படிக்கும் திறன் மாறும். முடிவில் இரண்டு நொடி தவிர அனைத்தும் ஒத்தன. அந்த இரண்டு நொடியை மறைக்கவில்லை. சிதைந்த ஏட்டுக்குப் புள்ளியிடுவதுபோல், எந்தப் பாட்டில் எந்த நிமிடத்தில் என்று குறிப்பெழுதி வைத்தோம். குரல் தெளிவாக ஒலித்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

எந்த வடிவில் சேமிப்பது? எம்.பி.3 செவிக்கு எளிதில் புலப்படாதவற்றைக் களைந்து சுருக்குவது; களைந்தது திரும்பாது. ஃபிளாக் எதையும் இழக்காமல் ஏறக்குறையப் பாதியளவாகச் சுருக்குவது. காப்பதற்கு ஃபிளாக், கைப்பேசியில் கேட்பதற்கு எம்.பி.3.

தரவுத் தகடாயின், கோப்புகளைத் தனித்தனியே எடுக்காமல் முழுத் தகட்டையும் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒரே படிமமாக எடுப்பது நலம். பழுதுற்றதற்கு டிடிரெஸ்க்யூ உதவும். நல்ல பகுதியை முதலில் எடுத்து, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, பின்னர் மீண்டும் முயலும். திருமண வி.சி.டி.யின் படப்பகுதிக்கு மூன்றாம் காவல் இல்லாமையால், கீறலில் சாதாரண நகல் நின்றுவிடும். அதற்கு ஐசோபஸ்டர் போன்றவை வேண்டும். எடுத்த படிகளுக்கு எஸ்.எச்.ஏ-256 சரிபார்ப்பு எண் கணித்து வையுங்கள். நாளை ஓரெழுத்து மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். படியை இரண்டு இடங்களிலேனும் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயனுக்கு நேர்மையான முறையில் கையாள்வதை அனுமதிக்கிறது. பிறர் உரிமையுள்ள பாட்டை ஊருக்கெல்லாம் பரப்புவது வேறு செயல். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள் நிற்கும்.

நமது பெங்களூரிலேயே விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசைக் காப்பகம், பழைய கிராமபோன் தட்டுகளைக் கணிப்பொறிக்கு மாற்றி உலகம் கேட்கச் செய்திருக்கிறது. 1902இல் கல்கத்தாவில் கோகர் ஜான் பாடிப் பதிந்த குரலை நாம் இன்றும் கேட்க முடிகிறது. அத்தட்டுகள் நூறாண்டைக் கடந்தும் பேசுகின்றன. சாயத் தகடுகள் அவ்வளவு காலம் நமக்காகக் காத்திரா. புதிய மடிக்கணினிகளில் தகட்டு டிரைவும் மறைந்து வருகிறது. வெளியே இணைக்கும் டிரைவ் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கினால் ஒரு விடுதி முழுவதற்கும் போதும். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, "நம் வீட்டில் பழைய சி.டி. ஏதேனும் உண்டா?" என்று கேளுங்கள். கேட்க வேண்டிய காலம் இதுவே.