பழைய எஞ்சினுக்குப் புத்துயிர்

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நெடுநாள் வாழ்ந்த நம்மவருள், கறுப்பும் மஞ்சளும் பூசிய பிரீமியர் பத்மினி டாக்சியை அறியாதார் இலர். தாதர் நிலையத்தில் பெட்டி படுக்கையுடன் இறங்கிய குடும்பங்களை வீட்டு வாயிலில் கொண்டு சேர்த்த வண்டி அது.

இத்தாலிய பியட் 1100 காரின் வழிவந்த அவ்வண்டியை, வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், செம்பூரை அடுத்த குர்லாவில் உற்பத்தி செய்தது. கடைசிப் பத்மினி டாக்சி 29-10-2003 அன்று பதிவாயிற்று. மும்பையில் டாக்சியின் வயது வரம்பு 20 ஆண்டு. ஆதலின் 2023 அக்டோபர் இறுதியோடு அவை தொழிலிலிருந்து விடைபெற்றன. தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திய பின்னரும் அவை அத்தனை காலம் ஓடியது எங்ஙனம்? எஞ்சினைப் புதுப்பிக்கும் பட்டறைத் தொழிலே அதற்குத் துணை நின்றது. அத்தொழிலின் நுட்பத்தைச் சிறிது காண்போம்.

அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டமும் 68 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். எரிந்த பெட்ரோலின் அழுத்தம் கீழே கசியாமலும், கீழுள்ள எண்ணெய் மேலேறாமலும் காப்பவை பிஸ்டனைச் சூழ்ந்த வளையங்கள். பட்டறையில் இவற்றை ரிங் என்பர்.

வண்டி ஓட ஓடச் சிலிண்டரின் சுவர் தேய்கிறது. ஆனால் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. உச்சியருகே வெப்பம் மிகுதி, எண்ணெய் குறைவு. ஆகவே அங்குத் தேய்வு அதிகம். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துவதால் வட்டம் நீள்வட்டமாகிறது. ரிங் எட்டாத மேல்விளிம்பு மட்டும் தேயாமல் திட்டாக நின்றுவிடுகிறது. எண்ணெய் மேலேறி எரிய, நீலப்புகை கிளம்புகிறது.

புது ரிங் மட்டும் மாற்றினால் போதாதா என்று இந்நிலையில் எண்ணத் தோன்றும். அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவருக்கு வண்டி நிற்கும் நாள் வருவாயற்ற நாளன்றோ! ஆயினும், வட்டமான ரிங் நீள்வட்டச் சுவரில் சரிவரப் பொருந்தாது. மேல்திட்டில் மோதி உடையவுங்கூடும். விரைவில் புகை திரும்பும். எஞ்சினை மறுமுறை இறக்கினால் கூலியும் இருமுறை.

ஆதலின் தேர்ந்த மெக்கானிக் உதிரிப் பாகம் வாங்குமுன் அளவெடுக்கிறார். எஞ்சினைப் பிரித்துக் கழுவி, ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களிலும், நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்கிறார். தேய்வு வரம்பு மீறியிருந்தால் போரிங் செய்விக்கிறார். மிகுதியாகத் தேய்ந்த சிலிண்டரை ஒட்டியே நான்கும் கடையப்படும். பின்னர் அவ்வளவுக்கு ஏற்ற, கால் அல்லது அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்கள் பொருத்தப்படும். கிராங்க் தண்டின் நிலை இதற்கு நேர்மாறு. அது கடையுந்தோறும் மெலியும். அதற்கு உள்விட்டம் சிறுத்த பேரிங் வேண்டும்.

ஒவ்வொரு போரிங்கிலும் சிலிண்டர்ச் சுவர் சிறிது குறைகிறது. இனிக் கடைய இடமில்லை என்னும் நிலையில், ஸ்லீவ் எனப்படும் புதுக்குழலை உள்ளே அழுத்தி, மீண்டும் பழைய அளவுக்கே கொணரலாம்.

பத்மினியைச் சொந்தக் காராகப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். அவர்களுக்கும், பழைய வண்டி எதுவாயினும் வைத்திருக்கும் நம் அன்பர்களுக்கும் நாம் கூறுவது ஒன்றே: பட்டறையில் விலையைக் கேட்குமுன் அளவைக் கேளுங்கள். அளந்து சொல்பவர் கையில் எஞ்சினை நம்பி ஒப்படைக்கலாம்.